மறு ஒளிபரப்பும் எழுத்தாளர் போராட்டமும்: அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளர் வேலைநிறுத்தங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. பிரச்சினையின் தன்மை

புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தால் வண்டிகள் அன்றே நின்றுவிடுகின்றன. துறைமுகத் தொழிலாளர் கைகட்டி நின்றால் கப்பல்கள் சரக்கு இறக்கப்படாமற் காத்துக்கிடக்கின்றன. தோட்டத் தொழிலாளர் மலைக்குச் செல்ல மறுத்தாற் கொழுந்து முற்றிப் பயனற்றுப் போகின்றது. இவற்றிலெல்லாம் உழைப்பு நிறுத்தப்பட்டமை உடனடியாகவே கண்ணுக்குப் புலனாகின்றது. தொலைக்காட்சிக்கு எழுதுவோர் பேனாவைக் கீழே வைக்கும்பொழுதோ நிலைமை வேறாக உள்ளது. அன்று மாலையிலும் திரை ஒளிர்கின்றது, நாடகங்கள் வருகின்றன, அவற்றினிடையே விளம்பரங்களும் வருகின்றன. பெரும்பாலான பார்வையாளருக்கு எதுவுமே நிகழாதது போலத் தோன்றுகின்றது.

இத்தோற்றத்துக்குக் காரணம் யாது? எழுத்தாளர் முன்னர் செய்து கொடுத்த வேலை அழிந்துபோகாமல் நிறுவனங்களின் களஞ்சியத்தில் இருக்கின்றது என்பதே காரணமாகும். ஒருமுறை படம்பிடிக்கப்பட்ட நாடகத்தை நூறுமுறை ஒளிபரப்பலாம். உயிருள்ள உழைப்பு, இறந்த உழைப்பு என மார்க்ஸ் வகுத்த வேறுபாடு இங்கு ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் பொருந்துவதைக் காணலாம். தொழிலாளியின் கடந்தகால உழைப்பு மூலதனமாக உறைந்து, அவனது நிகழ்கால உழைப்பை அடக்கும் கருவியாக மாறுகின்றது. ஆடைத்தொழிற்சாலையில் அவ்வுறைந்த உழைப்பு இயந்திரம் என்ற வேற்றுருவிற் காணப்படும். தொலைக்காட்சியிலோ எழுத்தாளனின் பழைய எழுத்தே அவனது புதிய எழுத்துக்குப் போட்டியாக வந்து நிற்கின்றது.

அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சி எழுத்தாளர் 1960, 1973, 1981, 1985, 1988, 2007, 2023 ஆகிய ஆண்டுகளில் நடத்திய வேலைநிறுத்தங்கள் பொதுவாகச் சம்பள உயர்வுப் போராட்டங்களாகவே பத்திரிகைகளில் விபரிக்கப்பட்டன. சம்பளம் அவற்றில் ஓர் அம்சம் என்பதில் ஐயமில்லை. ஆயின், அவற்றுட் பெரும்பாலானவற்றை ஒருசேர வைத்து நோக்கும்பொழுது அவற்றை இணைக்கும் சரடு வேறொன்றாதல் தெளிவாகும். பழைய எழுத்தை மீண்டும் பயன்படுத்துவதற்குப் புதியதொரு தொழில்நுட்பம் தோன்றும்பொழுதெல்லாம், அப்பயன்பாட்டின் வருவாய் யாருக்கு உரியது என்ற கேள்வி எழுந்தது. அதன் பின்னரே வேலைநிறுத்தம் வந்தது. இவ்வரலாற்றை விளக்குவதும், அதனாற் பார்வையாளரும் தொழிற்றுறையும் எவ்வாறு பாதிக்கப்பட்டனர் என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

2. சங்கத்தின் தோற்றம்: உரிமை இழப்பும் உரிமைப் பெறுகையும்

ஹொலிவூட் எழுத்தாளர் சங்கம் உலகப் பொருளாதார மந்தத்தின் குழந்தை எனலாம். 1933 மார்ச்சில் அமெரிக்க வங்கிகள் மூடப்பட்டபொழுது, ஸ்ரூடியோ அதிபர்கள் எட்டு வார காலத்துக்குச் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்தனர். அடுத்த மாதமே திரைக்கதை எழுத்தாளர் சங்கம் போராட்ட அமைப்பாகப் புத்துயிர் பெற்றது. நாடகாசிரியரான ஜோன் ஹவார்ட் லோசன் அதன் முதற் தலைவரானார். 1935இல் நிறைவேறிய வாக்னர் சட்டம் தொழிலாளர் கூட்டுப்பேரம் பேசும் உரிமையை அங்கீகரித்தது. 1936இல் ஸ்ரூடியோக்களின் ஆதரவுடன் போட்டிச் சங்கமொன்று தோற்றுவிக்கப்பட்டபோதிலும், 1938இல் அரசாங்கத் தொழிலுறவுச் சபை நடத்திய வாக்கெடுப்பில் எழுத்தாளர் சங்கமே வென்றது. எனினும் முதலாவது ஒப்பந்தம் கைச்சாத்தாக 1942 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் ஒரு சட்ட நுணுக்கம் மனங்கொள்ளத்தக்கது. நியூயோர்க் நாடக அரங்குக்கு எழுதுபவர் தமது நாடகத்தின் பதிப்புரிமையைத் தம்மிடமே வைத்திருந்தனர். அரங்க முதலாளி அதனை வாடகைக்கே பெற்றான். ஹொலிவூட்டிலோ எழுத்தாளர் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஊழியராகக் கருதப்பட்டார். அவர் எழுதியதன் ‘ஆசிரியர்’ சட்டத்தின் கண்களில் அவரை வேலைக்கமர்த்திய கம்பனியே. இவ்விழப்பிலேயே ஒரு பெறுகையும் அடங்கியிருந்தது. ஊழியர் என்பதனாலேயே அவர்களாற் தொழிற்சங்கம் அமைத்துக் கூட்டாகப் பேரம்பேச முடிந்தது. பதிப்புரிமையைக் கைவிட்டுத் தொழிற்சங்க உரிமையைப் பெற்ற இந்தக் கைமாற்றமே பின்வந்த பிணக்குகள் அனைத்துக்கும் ஊற்றுக்கண்ணாகும்.

முதலாவது ஒப்பந்தத்திற் கிடைத்த மிகப் பெரிய வெற்றி, திரையில் யாருடைய பெயர் எழுத்தாளராகத் தோன்றவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் சங்கத்துக்குக் கிட்டியமையாகும். பெயர் வெறும் புகழுக்குரிய பொருளாக மட்டும் இருக்கவில்லை. பிற்காலத்தில் மீள்பயன்பாட்டு ஊதியம் வந்தபொழுது, பெயர் உடையவனுக்கே அது உரியதாயிற்று. பெயரை இழத்தல் என்பது எத்தகையது என்பதை 1947இன் பின்னர் எழுத்தாளர் கசப்புடன் உணர்ந்தனர். காங்கிரசின் விசாரணைக் குழுவுக்குப் பதிலளிக்க மறுத்துச் சிறைசென்ற பதின்மருட் பெரும்பாலார் எழுத்தாளர். லோசன் அவர்களுள் ஒருவர். டால்ரன் ட்ரம்போ எழுதிய ‘ரோமன் ஹொலிடே’ என்ற படம் 1953இல் வேறொருவர் பெயரில் வெளிவந்தது. சங்கம் அவரது பெயரை அப்படத்துக்கு மீட்டளித்தது 2011இலேதான். ட்ரம்போ இறந்து அப்பொழுது முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றின் எழுத்தாளர் 1954இல் ஒன்றிணைந்து, மிசிசிப்பி நதியை எல்லையாகக் கொண்டு கிழக்கு, மேற்கு என இரு கிளைகளையுடைய அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தை அமைத்தனர்.

3. 1960: திரைப்படம் வீட்டுக்கு வருதல்

தொடக்ககாலத் தொலைக்காட்சி நாடகங்கள் பெரும்பாலும் நியூயோர்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பப்பட்டன. மேடைநாடகம் போன்று அவை நிகழ்ந்த கணத்திலேயே மறைந்தன. 1951இல் ஆரம்பமான ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவைத் தொடர் சினிமாச் சுருளிற் படம்பிடிக்கப்பட்டது. ஒருமுறை செய்த செலவில் எண்ணற்ற முறை வருவாய் ஈட்டலாம் என்ற உண்மையை அத்தொடர் தொழிற்றுறைக்கு உணர்த்திற்று. 1953இல் எழுத்தாளர் தொலைக்காட்சி மறு ஒளிபரப்புக்கான ஊதியத்தை முதன்முதலாகப் பெற்றனர். ஆயினும் அது ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையான மறு ஒளிபரப்புகளுக்கு மட்டுமே உரியதாயிருந்தது.

இதே காலப்பகுதியில் ஸ்ரூடியோக்கள் தமது பழைய திரைப்படங்களைத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு மொத்தமாக விற்கத் தொடங்கின. திரையரங்குக்கென எழுதப்பட்ட படம் வீட்டுத் திரையிற் காட்டப்படும்பொழுது எழுத்தாளனுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி எழுந்தது. தயாரிப்பாளர் தரப்பில் நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் வாதம் இதுவே: வீட்டைக் கட்டிய தச்சனுக்கு ஒருமுறை கூலி கொடுத்தாயிற்று, அவ்வீட்டில் வாழும் ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்கு மீண்டும் கூலி கொடுப்பதுண்டா?

இவ்வுவமை எளிமையானது, ஆனாற் குறைபாடுடையது. தச்சன் கட்டிய வீட்டில் ஒரு குடும்பம் குடியேறிய பின்னரும் அடுத்த குடும்பத்துக்கு இன்னொரு வீடு வேண்டும். பழைய நாடகமோ புதிய நாடகத்துக்கு உரிய நேரத்தையே எடுத்துக்கொள்கின்றது. ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் பழைய படமொன்று காட்டப்படுமாயின், அந்த ஒரு மணித்தியாலத்துக்குப் புதிதாக எழுதும் வேலை இல்லாமற் போகின்றது. ஆகவே மீள்பயன்பாட்டு ஊதியத்தைச் சலுகையாகவோ நன்கொடையாகவோ கொள்ளுதல் பொருந்தாது. தனது வேலையையே தனக்கு எதிராகப் பயன்படுத்துவதற்கு எழுத்தாளன் கோரும் ஈட்டுத்தொகை அதுவாகும். அத்துடன், விட்டுக்கொடுத்த பதிப்புரிமைக்கு ஈடாக எஞ்சிய ஒரே உரிமையும் அதுவே.

1960 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தம் 148 நாட்கள் நீடித்தது. மார்ச் மாதம் நடிகரும் வேலையை நிறுத்தினர். அப்பொழுது நடிகர் சங்கத்தின் தலைவராக இருந்தவர் பிற்காலத்தில் தொழிற்சங்க எதிர்ப்புக்குப் பேர்போன ஜனாதிபதியாக விளங்கிய றொனால்ட் றேகன் என்பது வரலாற்றின் முரண்நகைகளுள் ஒன்று. 1960 முதல் எடுக்கப்படும் படங்கள் தொலைக்காட்சியிற் காட்டப்படும்பொழுது எழுத்தாளருக்குப் பங்கு கிடைக்கும் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. ஓய்வூதிய நிதியும் உடல்நல நிதியும் நிறுவப்பட்டன. இவற்றுக்காக, முந்திய படங்கள் மீதான தனிப்பட்ட உரிமைக் கோரிக்கை விட்டுக்கொடுக்கப்பட்டது. 1950களின் படங்களை எழுதியோர் தமது பின்னோருக்காகத் தமது பங்கை இழந்தனர்.

4. வீடியோ கசற்: ஒரு தோல்வியின் நீண்ட நிழல்

1970களின் பிற்பகுதியிற் கட்டணத் தொலைக்காட்சியும் வீடியோ கசற்றும் பரவத் தொடங்கின. 1981 ஏப்ரில் முதல் யூலை வரை நிகழ்ந்த வேலைநிறுத்தம் இப்புதிய சந்தைகளை மையமாகக் கொண்டிருந்தது. எழுத்தாளர் அவற்றில் ஒரு பங்கைப் பெற்றனர். ஆனால், எதனுடைய பங்கு என்பதே பின்னர் பிணக்காயிற்று.

ஒரு கசற்றை விற்றுக் கிடைக்கும் தொகை முழுவதும் வருமானமா? தயாரிப்பாளர் கணக்கின்படி அதன் ஐந்தில் ஒரு பகுதியே ‘தயாரிப்பாளரின் வருமானம்’ ஆகும். எஞ்சியது உற்பத்திக்கும் விநியோகத்துக்கும் உரிய செலவாம். 1985இல் இது குறித்து எழுத்தாளர் வேலைநிறுத்தஞ் செய்தபொழுது சங்கத்துள்ளேயே பிளவு ஏற்பட்டது. இரண்டு வாரங்களில் போராட்டம் முறிந்தது. தயாரிப்பாளரின் சூத்திரமே நிலைபெற்றது. அதன்படி மொத்த விற்பனையில் 100 டொலர் வந்தால் 20 டொலரே கணக்கிற்கு எடுக்கப்படும், அதன் 1.5 வீதமான 30 சதம் எழுத்தாளருக்குரியது. விற்பனை பத்து இலட்சம் டொலரைத் தாண்டிய பின்னர் அவ்வீதம் 1.8 ஆக உயரும். அப்பொழுதும் 100 டொலருக்கு 36 சதமே கிடைக்கும்.

கசற் அக்காலத்தில் விலையுயர்ந்த, எதிர்காலம் நிச்சயமற்ற பண்டமாக இருந்தது. பின்னர் அது மலிந்தது. அதனிடத்தை இறுவட்டுப் பிடித்தது. உற்பத்திச் செலவு பெருமளவு வீழ்ந்தது. சூத்திரம் மட்டும் மாறவில்லை. ஒரு தொழில்நுட்பத்தின் குழந்தைப் பருவத்திற் கைச்சாத்திடப்படும் ஒப்பந்தம் அதன் முதுமைவரை தொழிலாளரைக் கட்டிவைக்கும் என்ற பாடத்தை எழுத்தாளர் இவ்வனுபவத்தாற் கற்றனர். 2007இலும் 2023இலும் அவர்கள் காட்டிய பிடிவாதத்தை விளங்கிக்கொள்ள 1985இன் தோல்வியை நினைவிற்கொள்ளுதல் அவசியமாகும்.

5. 1988: பார்வையாளர் உணர்ந்த வேலைநிறுத்தம்

1988 மார்ச் 7 முதல் ஓகஸ்ட் 7 வரை ஐந்து மாதங்கள் நீடித்த வேலைநிறுத்தமே இச்சங்கத்தின் வரலாற்றில் மிக நீண்டதாகும். ஒரு மணித்தியால நாடகங்களின் மறு ஒளிபரப்புக்கு நிலையான தொகை வழங்குவதை நிறுத்தி, விற்பனைக்கேற்ப ஏறியிறங்கும் வீதமொன்றைத் தயாரிப்பாளர் கொண்டுவர முனைந்தமையும், வெளிநாட்டு விற்பனையிற் பங்கு வேண்டும் என எழுத்தாளர் கோரியமையும் பிணக்கின் முக்கிய அம்சங்களாயிருந்தன. இறுதியில் ஏறியிறங்கும் வீதம் ஏற்கப்பட்டது.

பார்வையாளர் மீதான பாதிப்பு எந்த ஒழுங்கில் வருகின்றது என்பதை இவ்வேலைநிறுத்தம் நன்கு காட்டியது. அன்றாடச் செய்தியைக் கேலிசெய்யும் பின்னிரவு நிகழ்ச்சிகளுக்குக் களஞ்சியம் இல்லை. நேற்றைய நகைச்சுவை இன்று செல்லாது. அவை உடனே நின்றன. ‘சற்றடே நைற் லைவ்’ அப்பருவத்தில் 13 நிகழ்ச்சிகளுடன் முடிந்தது. பகல்நேரத் தொடர்நாடகங்களுக்குச் சில வாரங்களுக்கான கையிருப்பு இருக்கும். வாரத் தொடர்களுக்குச் சில மாதங்கள் தாக்குப்பிடிக்க முடியும். திரைப்படத்தில் பாதிப்புத் தெரிய ஓராண்டுக்கு மேற் செல்லலாம். சுருங்கக்கூறின், எங்கு பழைய உழைப்பின் கையிருப்பு அதிகமோ அங்கு எழுத்தாளனின் பேரம்பேசும் வலு குறைவு.

கையிருப்பு என்பது ஒளிபரப்பான நாடகங்களை மட்டும் குறிப்பதன்று. ஏபிசி நிறுவனம் ‘மிஷன் இம்பொசிபிள்’ தொடரைப் புதுப்பித்தபொழுது, முன்னைய தொடரின் பழைய கதைகளையே மீண்டும் எடுத்து, அவுஸ்திரேலியாவிற் படமாக்கிற்று. ‘ஸ்ரார் ட்ரெக்’ புதிய தொடரின் இரண்டாவது பருவம், கைவிடப்பட்ட பழைய திட்டமொன்றுக்கென எழுதப்பட்ட கதையுடன் தொடங்கியது. அதன் இறுதி நிகழ்ச்சி முன்னைய காட்சிகளின் தொகுப்பாக அமைந்தது. அலுமாரியிற் கிடந்த எழுத்தும் கருங்காலியாக வேலைசெய்யக்கூடும் என்பதற்கு இவை சான்றுகள்.

செப்ரெம்பரில் ஆரம்பமாகவேண்டிய புதிய பருவம் மாதக்கணக்கிற் பிந்தியது. காத்திருக்கப் பொறுமையற்ற பார்வையாளர் கேபிள் அலைவரிசைகளையும் வாடகை வீடியோவையும் நாடினர். மூன்று பெரிய வலையமைப்புகளின் செல்வாக்கு அதற்கு முன்பே தேயத் தொடங்கியிருந்தது. வேலைநிறுத்தம் அத்தேய்வை விரைவுபடுத்திற்று என்று கூறுதல் பொருந்தும். தோற்றுவித்தது என்று கூறுதல் பொருந்தாது.

உண்மைநிகழ்ச்சித் தொலைக்காட்சி எழுத்தாளரின் வேலைநிறுத்தத்தாற் பிறந்தது என்ற பரவலான கருத்தையும் இவ்வாறே சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும். எழுத்தாளரும் நடிகரும் தேவைப்படாத ‘கொப்ஸ்’ என்ற பொலிஸ் நிகழ்ச்சியை பொக்ஸ் நிறுவனம் 1989 மார்ச்சில் ஒளிபரப்பத் தொடங்கியமைக்கு வேலைநிறுத்தம் வழிவகுத்தது உண்மையே. ஆனால் குற்றவாளிகளைத் தேடும் ‘அமெரிக்காஸ் மோஸ்ற் வோன்ரட்’ வேலைநிறுத்தத்துக்கு ஒரு மாதம் முன்னரே, 1988 பெப்ரவரியில், வந்துவிட்டது. குறைந்த செலவில், தொழிற்சங்க ஒப்பந்தத்துக்கு வெளியே நிகழ்ச்சி தயாரிக்கவேண்டும் என்ற முதலாளித்துவ உந்துதல் வேலைநிறுத்தத்துக்கு முற்பட்டது. வேலைநிறுத்தம் அதற்குச் சந்தர்ப்பத்தையும் சாக்கையும் அளித்தது.

6. 2007–08: இணையத்தின் வாயிலில்

2007 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் இணையத்தினூடாகப் படங்களைக் காட்டத் தொடங்கியது. வலையமைப்புகளும் தமது நாடகங்களைத் தத்தம் தளங்களில் விளம்பரத்துடன் காட்டின. இவை விளம்பர முயற்சிகளே, மீள்பயன்பாடு அல்ல என்பது தயாரிப்பாளரின் நிலைப்பாடு. 1985இன் வடு ஆறாத எழுத்தாளர், சுமார் 12,000 பேர், அவ்வாண்டு நவம்பர் 5ஆம் திகதி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இறுவட்டுப் பங்கை இரட்டிப்பாக்கும் கோரிக்கையை முதல்நாளே விலக்கிக்கொண்டு இணையத்தையே போராட்டத்தின் மையமாக்கினர். நடிகர் மறியல் வரிசையைத் தாண்ட மறுத்தமையால் 2008 ஜனவரியில் ‘கோல்டன் குளோப்’ விருது விழா வெறும் அறிவித்தற் கூட்டமாகச் சுருங்கிற்று. 100 நாட்களின் பின்னர், பெப்ரவரி 12ஆம் திகதி, 92.5 வீத வாக்குடன் போராட்டம் முடிவுற்றது. இணையம் சங்கத்தின் ஒப்பந்த எல்லைக்குட் கொண்டுவரப்பட்டது. ஆயினும் முதற் சில வாரங்களுக்கு ஊதியமின்றிக் காட்டும் உரிமையைத் தயாரிப்பாளர் தக்கவைத்துக்கொண்டனர்.

பார்வையாளர் இழந்தவற்றுக்கு ஓர் உதாரணம் தரலாம். 2007 ஒக்ரோபரில் ஆரம்பித்துப் பாராட்டுப் பெற்ற ‘புஷிங் டெய்சிஸ்’ ஒன்பது நிகழ்ச்சிகளுடன் தடைப்பட்டது. ஏறத்தாழப் பத்து மாதங்களின் பின்னர் அது மீண்டபொழுது பார்வையாளர் கலைந்துவிட்டனர், தொடர் கைவிடப்பட்டது. ‘பிரேக்கிங் பாட்’ முதற் பருவம் ஒன்பதுக்குப் பதிலாக ஏழு நிகழ்ச்சிகளுடன் நின்றது; அது தப்பிப் பெரும்புகழ் பெற்றது. ஒரே வேலைநிறுத்தம் ஒன்றை அழித்து மற்றொன்றை விட்டுவைத்தமைக்குக் காரணம், எந்நிகழ்ச்சிக்கு எவ்வளவு காலம் அளிக்கலாம் என்பதை முடிவு செய்த நிறுவனங்களின் வணிகக் கணக்கேயாகும்.

காலியான நேரத்தைப் போட்டி நிகழ்ச்சிகள் நிரப்பின. பிரமுகர்கள் பங்குபற்றிய ‘செலிபிரிற்றி அப்ரென்ரிஸ்’ 2008 ஜனவரியில் தொடங்கியது. இத்தகைய நிகழ்ச்சிகளுக்கும் கதையமைப்போர் உளர். அவர்கள் ‘எழுத்தாளர்’ என்று அழைக்கப்படுவதில்லை. 2006இல் ‘அமெரிக்காஸ் நெக்ஸ்ற் டொப் மொடல்’ நிகழ்ச்சியின் கதையமைப்பாளர் சங்கத்திற் சேரும் உரிமைகோரி வேலைநிறுத்தஞ் செய்து வேலையை இழந்தனர். இத்தொழிலாளரைச் சங்கத்துட் கொண்டுவரும் கோரிக்கை 2008 பேச்சுவார்த்தையிற் கைவிடப்பட்டது. தன்னைக் காப்பதற்காகச் சங்கம் இவ்வாறு விட்டுக்கொடுத்தமை, அடுத்த போராட்டத்தில் அதற்கெதிராகப் பயன்படக்கூடிய களத்தை அகலமாக்கிற்று.

தொழிற்றுறையின் இழப்பைக் கணக்கிடுவதில் ஆய்வாளர் பெரிதும் முரண்பட்டனர். மில்கன் நிறுவனம் கலிபோர்ணியாவின் இழப்பை 210 கோடி டொலர் என்றது. லொஸ் ஏஞ்சலிசிலுள்ள பல்கலைக்கழக ஆய்வொன்று உள்ளூர்ப் பொருளாதாரத்தின் இழப்பு 38 கோடி டொலர் மட்டுமே என்றது. இதே காலத்தில் ஸ்ரூடியோக்கள் தமக்கு இலாபமற்றுப்போன எழுத்தாளருடனான நீண்டகால ஒப்பந்தங்கள் பலவற்றை, வேலைநிறுத்தத்தைத் தவிர்க்கமுடியாத நெருக்கடி எனக் காட்டி, ரத்துச் செய்தன என்பதும் மறக்கற்பாலதன்று. வேலைநிறுத்தம் முதலாளிக்கு எப்பொழுதும் நட்டமே என்பது பொதுவான நம்பிக்கை. வேண்டாத சுமைகளை இறக்கிவைக்கும் வாய்ப்பாகவும் அது அமையலாம்.

7. 2023: களஞ்சியம் இயந்திரமாதல்

அடுத்த பதினைந்து ஆண்டுகளிற் தொலைக்காட்சியின் உற்பத்திமுறையே மாறிற்று. 22 நிகழ்ச்சிகள் கொண்ட பருவம் எட்டாகவும் பத்தாகவும் சுருங்கிற்று. சிறிய எழுத்தாளர் குழு குறுகிய காலத்துக்குக் கூட்டப்பட்டு, படப்பிடிப்புக்கு முன்னரே கலைக்கப்பட்டது. இதனால் வேலைக்காலம் குறைந்ததுடன், படப்பிடிப்புத் தளத்திற் தொழில் பயிலும் வழியும் இளம் எழுத்தாளருக்கு அடைபட்டது. பழைய முறையில் நாடகம் ஒவ்வொரு நிலையத்துக்கு விற்கப்படும்பொழுதும் எழுத்தாளனுக்குக் காசோலை வந்தது. இணைய நிறுவனத்தின் களஞ்சியத்தில் நாடகம் என்றென்றும் கிடக்கின்றது; எத்தனை பேர் பார்த்தனர் என்பதை நிறுவனம் மட்டுமே அறியும். ‘மறு ஒளிபரப்பு’ என்ற நிகழ்வே மறைந்து, எல்லாம் எப்பொழுதும் மறு ஒளிபரப்பாகிவிட்டது.

2023 மே 2ஆம் திகதி சுமார் 11,500 எழுத்தாளர் வேலையை நிறுத்தினர். யூலை 14ஆம் திகதி நடிகரும் இணைந்தனர். 1960இன் பின்னர் இரு சங்கங்களும் ஒருசேரப் போராடியது இதுவே முதற்றடவை. அக்கோடைகாலத்தில் அமெரிக்க இணையத் தொலைக்காட்சியில் வாரக்கணக்காக முதலிடத்தில் நின்ற நிகழ்ச்சி, 2019இல் முடிந்துவிட்ட ‘சூற்ஸ்’ என்ற சட்டத்தரணிகள் பற்றிய தொடராகும். எழுத்தாளர் வாயிலில் மறியல் செய்துகொண்டிருக்க, உள்ளே அவர்களது பழைய எழுத்தே கடையை நடத்தியது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. பிரித்தானியாவில் ‘ஹவுஸ் ஒஃப் த ட்ரகன்’ தொடரின் படப்பிடிப்பும் தொடர்ந்தது. எழுத்துவேலை முன்னரே முடிந்துவிட்டிருந்தது.

இக்களஞ்சியம் புதியதோர் ஆபத்தாக உருவெடுத்தமையே இவ்வேலைநிறுத்தத்தின் தனித்தன்மை. எழுதப்பட்டவற்றை உட்கொண்டு புதிய வசனங்களை ஆக்கும் செயற்கை அறிவுக் கணனிகள் 2022இன் இறுதியிலிருந்து பொதுப்பாவனைக்கு வந்தன. இதுவரை பழைய எழுத்து மீண்டும் காட்டப்பட்டது. இனி அது அரைக்கப்பட்டுப் புதியது போல வார்க்கப்படலாம். சங்கம் இதற்கு வரம்பு கோரியபொழுது, தொழில்நுட்பம் பற்றி ஆண்டுக்கொருமுறை கூடிப் பேசலாம் என்பதே தயாரிப்பாளர் கூட்டமைப்பின் முதற் பதிலாயிருந்தது.

148 நாட்களின் பின்னர், 1960 வேலைநிறுத்தத்தின் அதே நீளத்தில், செப்ரெம்பர் 27ஆம் திகதி போராட்டம் நிறுத்தப்பட்டது. வாக்களித்த உறுப்பினரில் 99 வீதத்தினர் ஒப்பந்தத்தை ஏற்றனர். கணனி ஆக்கியது இலக்கியப் படைப்பாகக் கொள்ளப்படாது. எழுத்தாளனின் பெயரையோ ஊதியத்தையோ குறைப்பதற்கு அதனைப் பயன்படுத்தலாகாது. அதனைப் பயன்படுத்துமாறு எழுத்தாளனைக் கட்டாயப்படுத்தலும் ஆகாது. முதல் 90 நாட்களில் உள்நாட்டுச் சந்தாதாரருள் 20 வீதத்துக்குச் சமமான பார்வையைப் பெறும் நிகழ்ச்சிக்கு மேலதிக ஊதியம் உண்டு. குழுவின் குறைந்தபட்ச அளவும் வரையறுக்கப்பட்டது. ஆயின் பழைய எழுத்துகளைக் கொண்டு கணனியைப் பயிற்றலாமா என்ற அடிப்படைக் கேள்வி தீர்க்கப்படவில்லை. அதனை எதிர்க்கும் உரிமையைச் சங்கம் ஒதுக்கிவைத்துக்கொண்டது, அவ்வளவே. பதிப்புரிமை கம்பனியிடம் இருக்கும்பொழுது அதற்கு மேற் செல்வது எளிதன்று. 1930களிற் செய்யப்பட்ட கைமாற்றம் தொண்ணூறு ஆண்டுகளின் பின்னரும் கணக்குக் கேட்கின்றது.

8. பார்வையாளரும் ஏனைய தொழிலாளரும்

இவ்வேலைநிறுத்தங்களின் சுமை சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதையும் கூறியாகவேண்டும். ஒப்பனையாளர், தையற்காரர், தச்சர், வாகனச் சாரதிகள், உணவு வழங்குவோர் ஆகியோர் எழுத்தாளர் நின்ற அன்றே, அல்லது சில வாரங்களில், வருமானம் இழந்தனர். மீள்பயன்பாட்டு வருவாயில் இவர்களது சங்கங்களுக்குரிய பங்கு உடல்நல, ஓய்வூதிய நிதிகளுக்கே செல்கின்றது. தனிப்பட்ட காசோலையாக வருவதில்லை. அவ்வாறிருந்தும் 2023இற் சாரதிகள் பலர் மறியல் வரிசையைத் தாண்ட மறுத்தனர். இவ்வொருமைப்பாட்டின் விலையை அதிகமாகச் செலுத்தியவர் குறைவாகப் பெறுபவரே.

வேலைநிறுத்தம் முடிந்த பின்னரும் வேலை முழுமையாகத் திரும்பவில்லை. 2022இல் 599 ஆக இருந்த எழுதப்பட்ட அமெரிக்கத் தொடர்களின் எண்ணிக்கை 2023இல் 516 ஆகக் குறைந்ததென எஃப்எக்ஸ் நிறுவனத்தின் வருடாந்தக் கணிப்புக் கூறிற்று. இதனை வேலைநிறுத்தத்தின் தலையிற் சுமத்துவோர் உளர். இணைய நிறுவனங்கள் கடன்பட்டுப் போட்டியிட்ட காலம் 2022இலேயே முடிவுக்கு வரத் தொடங்கியதென்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

பார்வையாளரைப் பொறுத்தவரை, 2023 ஓகஸ்டில் நடத்தப்பட்ட கலப் கருத்துக்கணிப்பில் 72 வீதத்தினர் எழுத்தாளர் பக்கமும் 19 வீதத்தினர் நிறுவனங்கள் பக்கமும் அனுதாபம் தெரிவித்தனர். அதே மக்களே மாலையிற் பழைய தொடர்களைக் கண்டுகளித்து நிறுவனங்களுக்குத் தாக்குப்பிடிக்கும் வலுவையும் அளித்தனர். இதனை அவர்களது குற்றமாகக் கொள்ளுதல் தவறு. உழைத்துக் களைத்து வந்தவர் எழுத்தாளரின் ஆற்றலாலேயே அத்தொடர்களில் ஈர்க்கப்பட்டனர். இங்கு காணப்படும் முரண்பாடு பண்பாட்டு உற்பத்தியின் சொத்துறவிலே பொதிந்துள்ளது. தனிமனிதரின் ஒழுக்கத்தைக் குறைகூறி அதனைத் தீர்க்கவியலாது.

நூலை எழுதியவர், பாட்டைப் புனைந்தவர், வானொலி நாடகத்தை ஆக்கியவர் ஆகிய எவரும் தமது படைப்பு நெடுநாள் வாழவேண்டும் என்றே விரும்புவர். அவ்விருப்பம் நிறைவேறுவதே வாழ்க்கைக்கு இடையூறாக முடியும் நிலையை அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளர் எதிர்கொண்டனர். படைப்பு எவ்வளவு சிறப்பாக அமைகின்றதோ அவ்வளவு காலம் அது காட்டப்படும். அவ்வளவு காலம் புதிய எழுத்து இன்றிச் சமாளிக்கலாம். நல்ல எழுத்து அதை எழுதியவனையே வேண்டாதவனாக்கும் இந்நிலையை எதிர்த்து அவர்கள் கண்ட வழி, காட்டப்படும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு பங்கைக் கோருவதாகும். சினிமாச் சுருள், கசற், இறுவட்டு, இணையம் என ஒவ்வொரு கட்டத்திலும் அப்பங்கு மறுக்கப்பட்டது. போராட்டத்தின் பின்னரே, பெரும்பாலும் குறைத்து, வழங்கப்பட்டது. கணனிக்கு உணவாகும் எழுத்துக்கான பங்கு இன்னும் எழுதப்படாத அத்தியாயமாகும். 1985இற் கசற் பற்றிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கதை அதனை எழுதப்போவோருக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும்.